ஐஸ் பெட்டியில் வந்த ரத்தம்

காலை ஏழு இருபதுக்கு, என் ரிசல்ட்டை வாங்க அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் நான் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, தண்ணீர் சொட்டும் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதை மடியில் வைத்திருந்தவர் பூந்தமல்லியில் மீன் விற்பவர். ஐம்பது வயதிருக்கும். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. அடிக்கடி மூடியைத் தூக்கி, ஐஸை ஒதுக்கிப் பார்த்து மூடினார்.

"ஊட்டுக்காரி ரத்தம் சார். ரெண்டு வருசமா காய்ச்சல், வாய்ப்புண்ணு. இன்னா நோவுன்னு ஒருத்தராலயும் பேர் சொல்ல முடியல."

ரத்தத்தில் 'இயற்கைக் கொல்லி' என்ற வகை வெள்ளை அணுக்கள் பெருகும் அபூர்வ நோயோ என்று இப்போதைய டாக்டருக்குச் சந்தேகமாம். உறுதி செய்ய இந்தப் பரிசோதனைதான் வழி.

கவுன்ட்டர் பெண் ரத்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஐஸ்க்குள்ள ஏண்ணா புதைச்சீங்க? செல்லு எல்லாம் உடைஞ்சிருச்சு. சும்மா பையில போட்டு எடுத்தாந்திருக்கலாமே."

"ஐஸ் இல்லாட்டி கெட்டுப் பூடாதாம்மா?"

"இது இன்னா மீனாண்ணா? வேற ரத்தம் எடுத்துட்டு வாங்க."

"கையில நரம்பே கெடைக்கலம்மா. இதையே கால்ல குத்தித்தான் எடுத்தாங்க. அடியில நல்லா கீற செல்லு நாலு இருக்கும், கொஞ்சம் தேடிப் பாரேன்."

அவள் தலையாட்டி மறுத்தாள். அவர் வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். மனைவியின் குரல் எனக்கே கேட்டது.

"இனிமே என்னைக் குத்த வேணாம்யா. பேர் தெரியாமயே இருந்துட்டுப் போவட்டும். நீ ஊட்டுக்கு வா."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். நான் என் ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது, அவர் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.