பெட்டிக்குப் பொன்னாடை

ஒரு தகரப் பெட்டிக்குப் பொன்னாடை போர்த்திப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன சனிக்கிழமை, திண்டிவனத்தில், பட்டப்பகலில்.

இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் மனைவியின் தங்கை கஸ்தூரி அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்கூல் விட்டு வந்து, நோட்டுத் திருத்தி, சோறு வடித்து, மிச்சம் கிடைக்கிற பொழுதில் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு கம்ப்யூட்டர் செய்தாள். வாங்கவில்லை ஸார்... செய்தாள்! எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த படத்தை வைத்துக்கொண்டு, மெட்ராஸுக்குப் போய் ஒவ்வொரு சிப்பாகப் பொறுக்கி வந்து, தானே பற்றவைத்து. டிரங்குப் பெட்டி அடிக்கிறவர் அளவெடுத்துச் செய்து கொடுத்த தகரக் கூடு. திரைக்கு வீட்டு பிளாக் அண்ட் ஒயிட் டி.வி. புரோகிராமைச் சேர்த்து வைக்க ஒரு டேப்ரெக்கார்டர். அவ்வளவுதான். அந்தத் தகரத்துக்குள் ஒரு மூளை கண் விழித்தது.

பள்ளியில் ஒரு ரூம் காலியாக இருந்தது. அதில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்த அனுமதி கேட்டாள். மல்லாட்டை (வேர்க்கடலைதான்) எண்ணெய் மில் வைத்திருக்கும் தாளாளர் ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்க எல்லார் எதிர்லயும் ஒரு மணி நேரம் நிக்காம ஓடட்டும்மா. ஓடுச்சின்னா ரூம் உனக்கு. இல்லன்னா தையல் மிஷின் போட்டுடலாம். பொம்பளப் புள்ளைங்களுக்கு அதான உபயோகம்?"

வீட்டில் அது மூன்று மணி நேரம் அசராமல் ஓடும். கஸ்தூரி சம்மதித்தாள். நானும் விழுப்புரத்திலிருந்து காலை பஸ் பிடித்துப் போனேன்.

பன்னீர், சந்தனம், குத்துவிளக்கு. வகுப்பில் சேரப் பெயர் கொடுத்த இருபத்து மூன்று பெண்கள் பெஞ்சுகளில். தாளாளர் சரிகை மின்னும் ஒரு பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு ஓரடி தூரத்தில் கஸ்தூரி நின்றாள். நான் கைதட்டத் தயாரானேன்.

அவர் அவளைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்குப் போர்த்தினார்!

சயின்ஸ் மாஸ்டர் ஓடிவந்து, இரண்டு முனைகளையும் பெட்டிக்குப் பின்னால் இழுத்து மடித்து, குண்டூசி குத்தினார். "ஃபேன் காத்துல பறந்துடக் கூடாது பாருங்க!" பலத்த கைதட்டல். நானும்தான் தட்டினேன்.

மெஷின் ஓடியது. பத்தாம் வகுப்பு மார்க்கையெல்லாம் கூட்டி ரேங்க் போட்டுக் காட்டியது. தாளாளர் குஷியாகி, "நான் பொறந்தது இன்னா கெழமைன்னு சொல்லுமா?" என்று தேதியைச் சொன்னார். கஸ்தூரி அதைத் தட்டினாள்...

டி.வி. வெளுத்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. எட்டாவது நிமிஷம்.

"இன்னாம்மா இது... என் பொறந்த நாளக் கேட்டதும் பொட்டுனு பூட்டுச்சே!"

"வூட்ல பத்தவெச்சது சார். எங்கனா லூஸ் கனெக்‌ஷன் இருக்கும்" என்றார் சயின்ஸ் மாஸ்டர். "சமையக்கட்டுல பண்ணிக்கினு இருந்தா இப்பிடித்தான்."

சமையல்கட்டாம்! அவர் வாழ்நாளில் ஒரு காலிங்பெல்லாவது பற்றவைத்திருப்பாரா?

கஸ்தூரி பிளக்கை அசைத்துப் பார்த்தாள். ஃபியூஸைப் பார்த்தாள். கழனிகளில் பம்ப்செட் போடுகிற நேரம், வோல்ட்டேஜ் இறங்கியிருக்குமோ என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அறையிலிருந்து ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து மாட்டினாள். முள் ஆடாமல் நின்றது. கரண்ட்டில் குற்றமில்லை. சுவிட்சைப் போட்டாள். பெட்டி மறுபடி விழித்தது.

இந்தத் தடவை மூன்றே நிமிஷம்.

"ஆவாதும்மா. வுட்டுடு" என்று தாளாளர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

அவள் மட்டும் முணுமுணுத்தாள். "மொதல்ல எட்டு. இப்ப மூணு. ரெண்டாவது வாட்டி சீக்கிரமா நிக்குதுன்னா... ஏற்கெனவே சூடா இருக்கு." பெட்டியின் பின்பக்கம், பொன்னாடைக்கு அடியில் கையை விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

உள்ளே வரும் மின்சாரத்தை அடக்கி, அளவாகக் கொடுக்க ஒரு சின்ன சிப் இருக்கிறது. ரெகுலேட்டர். சூடு மிஞ்சினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறினால் எழுந்துகொள்ளும். அது மூச்சு விடுவதற்கென்று தகரத்தில் வரிசையாக ஓட்டைகள் போட்டு வைத்திருந்தாள். அந்த ஓட்டைகளின் மேல்தான் சரிகை, மடிப்பு, குண்டூசி, மரியாதை!

"ஐயா, இந்தப் பொன்னாடைய எடுத்துடலாங்களா?"

கேட்டபடியே ஒரு குண்டூசியில் விரலை வைத்தாள்.

"கஸ்தூரி!" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"போத்துனவரு எதிர்லயே உருவுறதா? நல்லா இருக்குதே!" இது சயின்ஸ் மாஸ்டர்.

தாளாளர் முகம் இறுகியது. "துணி போத்துனா மிஷின் நிக்குமா? சாக்கு சொல்லாதம்மா."

நான் என்ன செய்தேன்? அவள் காதருகே போய், "பின்னால ஒரு டேபிள் ஃபேன் வெச்சுப் பாரேன்" என்றேன். வெட்கத்தோடு எழுதுகிறேன். உண்மை தெரிந்த பிறகும் பொன்னாடையைக் காப்பாற்றத்தான் புத்தி போனது.

எதையும் மூடிவைத்தால்தான் மதிப்பு என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? டி.வி.க்குப் பூப்போட்ட உறை. ஃபிரிட்ஜுக்குச் சட்டை. புது நாற்காலியின் பாலிதீனைப் பழுத்துக் கிழிகிற வரைக்கும் பிரிக்க மாட்டோம். பொருளை விடுங்கள்... மனுஷியை? பட்டுப் போர்த்தி, பாராட்டி, மூச்சை அடைத்துவிட்டு, பிறகு 'இவளால் ஓட முடியவில்லை' என்று தீர்ப்பு வேறு சொல்கிறோம். கொஞ்சம் காற்று கேட்டாலோ, திமிர்!

கஸ்தூரி குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். பொன்னாடையை நான்காக மடித்து, இரண்டு கையாலும் தாளாளரிடம் நீட்டினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்கய்யா. இப்பலேர்ந்து ஒரு மணி நேரம். நின்னு போச்சுன்னா, தையல் மிஷின நானே எறக்கி வெக்கிறேன்."

அவர் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

அட்டென்டன்ஸ் நோட்டால் பெட்டியின் முதுகுக்கு விசிறினாள். ஆறியதும் சுவிட்ச். எட்டு நிமிஷம் தாண்டியது. பதினைந்து. முப்பது. பெண்கள் சுவர்க் கடிகாரத்தையும் சிவப்பு விளக்கையும் மாறிமாறிப் பார்த்தார்கள். தாளாளரின் கிழமை புதன் என்று வந்தது. "எங்கம்மா வியாழன்னு சொல்லிக்கினு இருந்தாங்களே..." என்று அவர் இழுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

அறுபது.

"சரி... ரூம எடுத்துக்கம்மா" என்றார். இருபத்து மூன்று பெண்களும் ஒரே மூச்சில் எழுந்ததில் பெஞ்சுகள் அலறின.

தாளாளர் கையில் பொன்னாடை இன்னும் இருந்தது. எடுத்த பொன்னாடையை யாருக்காவது போர்த்தித்தானே ஆக வேண்டும்? சுற்றிலும் பார்த்தார். கஸ்தூரி அதே ஓரடி தூரத்தில் நின்றாள். இரண்டாவது தடவையாக அவளைத் தாண்டி நடந்தார். நேரே என்னிடம் வந்தார்.

"பத்திரிகைல எழுதறவரு... நம்மள மதிச்சு வந்திருக்காரு!"

நான் குனிந்தேன். ஆமாம், நன்றாகவே குனிந்தேன். போர்த்தினார். கைதட்டினார்கள்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கஸ்தூரி நிமிராமலே சொன்னாள்: "கழட்டிடுங்க மாமா. வேர்த்துக் கொட்டுது."

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த பிறகுதான் கழற்றினேன்.