உப்புக்கு நின்ற சர்க்கிட்

என் மனுசன் கிருஷாந்தனுக்கு உலகத்தில் ஒரே எதிரி உப்புக்காற்று. விடத்தல்தீவுப் படகுகளின் ரேடியோ, மீன் காட்டும் கருவி எல்லாம் திருத்துகிறவர். எதை வாங்கினாலும் "உப்புக்கு நிக்குமோ?" என்றுதான் முதலில் கேட்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட எங்கள் வீட்டு மின்விசிறியைத்தான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். துருப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தாராம்! அன்றைக்கே நான் எழும்பிப் போயிருக்க வேண்டும்.

போன வருடம் கடற்தொழில் செய்யும் யாகப்பர் பதறிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இறங்குதுறை கட்ட மண் அள்ளப் போறாங்களாம். அந்தக் கடற்புல்லுக்குள்ளதான் ஒரு கடற்பசு குட்டியோட மேயுது. நான் கண்ணால கண்டனான். கடற்தொழில் கந்தோர் அதிகாரிமாரிட்டச் சொன்னா நம்பீனம் இல்லை. தாயும் குட்டியும் கூப்பிடுற சத்தத்தை இடையில அறாமல் பதிஞ்சு குடுத்தா வேலையை மறிப்பினமாம்."

தண்ணீருக்குள் இறக்கும் மைக் இவரிடம் இருந்தது. அதில் வரும் சத்தத்தை யூ.எஸ்.பி. வயரால் கணினிக்கு அனுப்ப ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் சர்க்கிட் வேண்டும். மன்னார் டவுனில் கடை வைத்திருக்கும் நௌஷாட் இரண்டை எடுத்து முன்னால் வைத்தான்.

"அண்ணை, இதில யூ.எஸ்.பி. சிப்புக்குள்ளயே இருக்கு. அள்ளிக் கொட்டும். மற்றது இன்னொரு குட்டிச் சிப்புக்குள்ளால சுத்திப் போறது, மெதுவாத்தான் போகும். உங்கட வேலைக்குக் காணாது."

வேகமானதன் கம்பிக் கால்கள் மயிர் மயிராகத் திறந்து கிடந்தன. மற்றது முழுக்கப் பிசின் ஊற்றி அடைத்தது. இவர் என்ன கேட்டிருப்பார்? அதேதான்! பிசின் ஊற்றியதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

யாகப்பரின் வள்ளத்தில் நானும் போனேன். சர்க்கிட் வழியாக மடிக்கணினியில் பதியவிட்டு, நாங்கள் மைக்கிலிருந்து நேரே காதில் மாட்டிக் கேட்டோம். கோழிக்குஞ்சு போல ஒரு கீச்சு. சற்றுப் பொறுத்து, தடித்த குரலில் இன்னொன்று. குட்டி கூப்பிடுகிறது, தாய் பதில் சொல்கிறது! இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. கேலி பண்ண வாய் வரவில்லை.

வீட்டில் வந்து பதிந்ததைப் போட்டுக் கேட்டால், எலி அரித்த சீலை மாதிரி இருந்தது சத்தம். வயரால் அனுப்பி முடிக்குமுன் சிப்பின் நினைவகம் நிரம்பி, மிச்சத்தையெல்லாம் விட்டுவிட்டிருந்தது. குட்டியின் குரலில் பாதி இருந்தது. தாயின் குரல் ஒரு இடத்தில்கூட முழுதாக இல்லை. கந்தோரில் கேட்டுவிட்டு, "இது கயிறு உரசுற சத்தமாயும் இருக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மண் அள்ளும் படகுகள் அந்தக் கிழமையே வந்தன.

இவர் ஓடிப்போய் வேகமானதை வாங்கிவந்தார். உப்புப் படாமல் இருக்க அதன் கால்களுக்கு என் நகப்பூச்சைப் பூசினார். அவ்வளவுதான் வேலை. ஒரு குப்பி நகப்பூச்சு! இந்த யோசனை முதலே வந்திருக்கக் கூடாதா, பாவி மனுசா?

மறுநாள் காலை மைக்கும் கையுமாகக் கரைக்குப் போனோம். தாய் அங்கே கிடந்தது. முதுகு முழுக்கப் படகு இயந்திரக் காற்றாடி வெட்டிய காயம். யாகப்பர் தோளில் கிடந்த சாரத்தால் அதன் முகத்தை மூடிவிட்டு, வள்ளத்தைத் தள்ளினார்.

அப்படியும் பதிந்தோம். பின்னேரம் வீட்டில் போட்டுக் கேட்டபோது சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. குட்டி கூப்பிடும். பிறகு வெறும் தண்ணீர்ச் சத்தம். திரும்பக் கூப்பிடும். திரும்பவும் தண்ணீர்.

"இஞ்சேருங்கோ, இதுவும் இடையில அறுந்து போச்சோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இல்லை, நிறஞ்சலா. ஒண்டும் அறேல்லை. எல்லாம் முழுசா வந்திருக்கு."