ஆட்டெலும்புக்கு ஒரு ஜெபம்

1. முதல் நாள்

தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்தில் எனக்குக் கிடைத்த முதல் தொல்லியல் வேலை, நாள் முழுக்கக் குழியைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அதற்குப் பெயர் மானிட்டரிங். ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய காலத்தில் கட்டிய தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்து ஓரமாக மழைநீர் பைப் போடுகிறார்கள். டிகர் என்கிற மண் அள்ளும் இயந்திரம் தோண்டும்போது எந்தக் கல்லறையும் சிதையாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். மதுரையில் எம்.ஏ. படிக்கும்போது முதுமக்கள் தாழியே தோண்டியவன் என்ற மிதப்பில் போனேன்.

டிகர் ஓட்டியவர் மன்னார்க்காரர், அன்ரன் அண்ணன். தேநீர் நேரத்துக்கு முன்பே மண்ணில் ஓர் எலும்பு தெரிந்தது. போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை உயர்த்தினேன்.

"அண்ணே, நிறுத்துங்க. மனுஷ எலும்பு."

போதகருக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, நீண்ட ஜெபம் செய்தார். நானும் தலைகுனிந்து நின்றேன். அவர் "ஆமென்" சொல்லும் நேரத்துக்கு என் மேலதிகாரி அம்மையார் காரில் வந்து இறங்கினார். எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"செம்மறி ஆடு. பழைய சர்ச் பிக்னிக்கில் சாப்பிட்டிருப்பார்கள்."

போதகர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"விடும் தம்பி," என்றார் அன்ரன் அண்ணன். "அந்த ஆட்டுக்கு இப்பதான் நல்லகாலம்."

2. கறுப்புக் கட்டம்

அந்த வாரக் கடைசியில், மஞ்சள் களிமண்ணில் கறுப்பாக ஒரு கட்டம் தெரிந்தது, எப்போதோ தோண்டி மூடிய குழியின் தடம் போல. மேலே கல்லறைக்கல் இல்லை. வரைபடத்திலும் அங்கே ஒன்றுமில்லை. கை தூக்கப் போனது, பாதியில் தயங்கியது. பிறகு தூக்கிவிட்டேன்.

"இதும் ஆடோ?" என்றார் அன்ரன் அண்ணன். "மழை வருது. இண்டைக்குப் பைப் இறக்க வேணும்."

"தெரியலண்ணே. ஆடாவே இருந்தாலும் பரவால்ல, நிறுத்துங்க."

குழிக்குள் இறங்கிக் கரணையால் மெல்லச் சுரண்டினேன். துருப்பிடித்த ஆணிகள், உளுத்த மரத்தின் தடம். சவப்பெட்டி. அதன் நீளம் என் கை நீளத்துக்குள் அடங்கியது. குழந்தை.

அன்ரன் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிச் சிலுவைக்குறி போட்டார்.

"இன்னும் ஒருக்கா வாளி இறங்கியிருந்தா உடைஞ்சிருக்கும் தம்பி."

 இருவருமாகத் தார்ப்பாயை விரித்து மூடினோம். மேலதிகாரி அம்மையாரும் போதகரும் வந்தார்கள்; ஜெபத்துக்கு முன்னால் போதகர் அம்மையாரின் முகத்தைத்தான் பார்த்தார். அம்மையார் தலையசைத்த பிறகே ஆரம்பித்தார். நியாயம்தான். குழந்தையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பைப்பை வேலிப்பக்கமாக வளைத்துக் கொண்டுபோனார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சந்தேகம் வந்தால் கையைத் தூக்குங்கள். தப்பாகிப்போனால் சிரிப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம், எனக்கு அதில் நல்ல அனுபவம் உண்டு.