ரத்தத்தில் இறங்கிக்கொண்டே வந்த எண்

மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. அவள் பிறந்த அன்றே ஊசி போட்டுவிட்டதால் அவளுக்கு நோய் ஒட்டவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். வெளியே யாரிடமும் நாங்கள் மூச்சு விடவில்லை. தெரிந்தால், நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியில் என் கையால் ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்று பயந்தேன்.

தினமும் ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலியில் டாக்டர். ரிப்போர்ட்டில் எப்போதும் பாசிட்டிவ்.

ஒன்பதாவது வருடம் டாக்டரம்மா வேறொரு பரிசோதனை எழுதினார். "கிருமியோட அடையாளம் ரத்தத்துல இருக்கா இல்லையான்னுதான் இதுவரைக்கும் பாத்தோம். இனிமே எவ்வளவு இருக்குன்னு பாப்போம்."

முதல் எண் ஆயிரத்துக்கு மேல். மறு வருடம் அதில் பாதிகூட இல்லை. அதற்கடுத்த வருடம் நூற்றுக்கும் கீழே. மூன்று தாள்களையும் மேசையில் பரப்பி வைத்து அவர் சொன்னார்: "இப்படியே இறங்குனா முழுசா மறைஞ்சிரலாம். கொஞ்சப் பேருக்குத்தான் அப்படி நடக்கும். உங்களுக்கு நடக்கும்னு எனக்குத் தோணுது."

எனக்குக் கோபம்தான் வந்தது. நோயோடு இருக்கப் பழகிவிட்டவளிடம் எதற்கு ஆசை காட்டுகிறார்? ஆனால் கணவர் விடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். "ஏளா, கோடு எங்கன போகுதுன்னு பாரு. தரைக்கு வந்துட்டுல்லா!"

அடுத்த ரிப்போர்ட் அலுவலகத்தில் இருக்கும்போது போனில் வந்தது. நெகட்டிவ். அச்சுப் பிழையோ என்று லேப்புக்கே போன் செய்து கேட்டேன். இல்லை என்றார்கள். கணவரைக் கூப்பிட்டேன். கிரேன் இரைச்சலுக்கு நடுவே, "என்ன சொல்லுத? நெசமாவா?" என்று கத்தினார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. அழுகிறார் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அதுவும் நெகட்டிவ்தான். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாத்திரைய நிறுத்திரலாம். கல்லீரல் ஸ்கேனுக்கு மட்டும் தவறாம வாங்க. இனிமே பயப்படாம வாங்க."

திரும்பும் பஸ்ஸில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தூத்துக்குடிக்கு முன்னால் வரும் புதுக்கோட்டை தாண்டியதும், பக்கத்தில் கருவாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அக்காவிடம், "எனக்கு மஞ்சக்காமாலைக் கிருமி ரத்தத்துலயே இருந்துச்சுக்கா. பன்னெண்டு வருஷம். இன்னைக்குப் போயிட்டு!" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முன் சீட்டைத் தட்டி, "ஏ, இங்கன கேளுங்க, இந்தப் பிள்ளைக்கு நோய் போயிட்டாம்!" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் வெட்கமே இல்லாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன்.