சாம்பிராணிக் கரி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியம்மா தூபக்காலில் கங்கு அள்ளிப் போட்டுக்கொண்டு என் அறைக்குள் வருவது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மற்ற அறைகளில் பேருக்கு ஒரு சுற்று. என் கட்டிலைச் சுற்றி மட்டும் நின்று நிதானமாகப் புகை காட்டுவார். அப்பா ரிக் லாரியோடு வடக்கே ஊர் ஊராகப் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அம்மா திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். நான் சேலத்தில் படிக்கட்டும் என்று அஸ்தம்பட்டியில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. பாத்ரூமை ஒட்டியிருந்த அறைதான் அந்த வீட்டிலேயே நல்ல அறை. அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவரும் பெரியப்பாவும் ஹாலில் படுத்துக்கொண்டார்கள்.

எனக்கு இளைப்பு. மழைக்காலம் வந்தால் மூச்சு வாசல்வரை கேட்கும். "உங்கொப்பன் ரிக்கு இங்கதான் ஓடுதாட்டமிருக்குது" என்று பெரியப்பா கிண்டல் செய்வார். பெரியம்மாவுக்குச் சிரிப்பு வராது. டாக்டர் எழுதிய மருந்தைக் கொடுத்த கையோடு சாம்பிராணியும் போடுவார். "மழை ஈரத்துல ஓத வாடை அடிக்குது சாமி. கொஞ்சம் பொகை காட்டுனாச் செரியாப் போயிரும்." கட்டிலின் தலைமாட்டு மூலையில் கறுப்பாகப் படர்ந்திருந்ததைச் சாம்பிராணிக் கரி என்றே எல்லோரும் நினைத்தோம். புகை பட்டால் கரி ஏறத்தானே செய்யும்? பொங்கலுக்கு வெள்ளையடித்தால் மறையும், ஐப்பசி மழைக்குள் மறுபடி தலைகாட்டும். அதை யாரையும் துடைக்க விடமாட்டார் பெரியம்மா. சாமிக்குக் காட்டிய புகையாயிற்றே.

போன மழைக்காலத்தில் பெரியம்மாவுக்கே இருமல் விடவில்லை. பெரியப்பா போன பிறகு அவர் அந்த அறையில்தான் படுத்திருந்தார். சுவரில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து தர ஆட்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு நான்தான் வரவழைத்தேன். வந்தவர் ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்தார். கறையின் மேல் டேப்பை ஒட்டி எடுத்து லேபுக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் நேரிலேயே வந்து சொன்னார்.

"இது கரி இல்லீங்க, பூஞ்சை. பாத்ரூம் பைப்பு செவுத்துக்குள்ள ரொம்பக் காலமாக் கசிஞ்சிருக்குதுங்க. இளைப்புக்காரங்களுக்கு இது ஆகாது, பொகையும் ஆகாது."

சின்ன வயதில் எனக்கிருந்த இளைப்பைச் சொல்லிக் கேட்டேன். "இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாமுங்க. உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்னங்கறாரு சாமி?" என்றார். எனக்கோ விடை கிடைத்துவிட்ட பூரிப்பு. "என்ற இளைப்புக்கு இதுதான் காரணமாமா பெரியம்மா! செவுத்துப் பூஞ்சையும் நீங்க போட்ட சாம்பிராணியும்!" என்று சத்தமாக, சிரித்துக்கொண்டே சொன்னேன். வந்தவர் சொன்ன 'இதுவும்' என் வாயில் 'இதுதான்' ஆகிவிட்டது. பெரியம்மா கட்டிலைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். "அப்ப என்ற கையாலயே உனக்குப் பண்ணியிருக்கறனா?" என்று கேட்டார்.

வேலை நன்றாகவே நடந்தது. அறைவாசலில் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, முகமூடி போட்டுக்கொண்டு பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். பைப்பை மாற்றினார்கள். சுவர் நன்றாகக் காயும்வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்கவில்லை. பெரியம்மாவின் இருமலும் அடங்கிவிட்டது. ஆனால் சாம்பிராணி போடுவதையே அவர் விட்டுவிட்டார். போன் செய்தால் முதல் கேள்வி, "மூச்சு எப்பிடி இருக்குது சாமி?" உறுதியாகத் தெரியாது என்றுதான் சுவர் பார்க்க வந்தவர் சொன்னார், நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "எனக்காவச் சொல்ற நீயி" என்கிறார். உள்ளதைத்தானே சொன்னேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. நான் சொன்னது உள்ளபடியும் இல்லை. இந்த வயதில் அவர் நிம்மதியைக் கெடுத்துவிட்டேன்.

போன வாரம் போயிருந்தேன். அறை வெள்ளைவெளேரென்று இருக்கிறது, பெரியம்மா ஹாலில் படுக்கிறார். பேச்சுவாக்கில் பொழுது சாய்ந்துவிட்டது. இருந்துவிட்டுக் காலையில் போகிறேன் என்றேன். கிளம்புகிறேன் என்றாலே பையைப் பிடுங்கி ஒளித்துவைக்கிறவர் அவர். எழுந்துபோய் என் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இங்க படுக்க வேண்டாஞ் சாமி. உன்ற ஊட்டுக்கே போயிரு."