அரிசி இல்லாத பெயர்

யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோன வருஷம் திருவனந்தபுரம் ரேஷன் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் நாளே வலியசாலைக்கு ஆள் கணக்கெடுக்க அனுப்பினார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே கார்டு என்பது உத்தரவு.

அலமேலு மாமி வீட்டில் மாமி, கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்த அவர் கணவர், மகள், ஆக மூன்று பேர். மாமி நான்கு என்றார்.

"பிள்ளை ரமணி சிங்கப்பூர்ல ரப்பர் கம்பெனியில இருக்கான். அவனையும் எழுதிக்கோங்கோ."

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய் மாதங்களாகியிருந்தன. கடிதம் ஒன்றுகூட வரவில்லை. "இங்கே இல்லாத ஆளுக்கு ரேஷன் கிடையாது மாமி" என்று சொல்லி, அவர் சொன்ன வேகத்தில் எழுதிவிட்டிருந்த ரமணியின் பெயரை அவர் கண்ணெதிரிலேயே கோடு போட்டு அடித்தேன்.

மாமி கார்டை வாங்கவில்லை. "அவன் பேர் இல்லாத கார்டு எங்களுக்கு வேண்டாம்."

மூன்று வாரம் கழித்து, ரேஷன் அரிசி போடும் டிப்போக்காரர் சொன்னார், அந்த வீட்டில் மூன்று வேளையும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதானாம், மாமாவுக்கு வயிற்றுப்போக்காம். எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. எழுதிய படிவத்தையே திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் சூப்பிரண்ட் நாயரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எடோ, அரி கொடுக்கண்டாம். பேரு அவிடெ கிடக்கட்டே. அதில சர்க்காருக்கு என்ன நஷ்டம்?"

ரமணியின் பெயரை எழுதி, எதிரே அரிசிக்கு 'அளவு இல்லை' என்று குறித்து, கார்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி நான்கு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு மகளிடம் பையை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போகச் சொன்னார்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கின. ஒரு நாள் மாமி ஆபீஸுக்கு வந்தார். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோன இடத்தில் ரமணி காய்ச்சலில் போய்விட்டான் என்று, கூட இருந்தவர் வந்து சொல்லியிருக்கிறார்.

"அடிச்சுடுங்கோ ஸார்" என்று கார்டை நீட்டினார்.

என்னால் முடியவில்லை. மாமியை உட்காரச் சொல்லிவிட்டு, மூன்று பெயர்களோடு புதுக் கார்டு எழுதினேன். பழையதை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன். பழைய கார்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட வேண்டும் என்பது விதி. நாயர் பார்த்துவிட்டு, புதுக் கார்டில் முத்திரை வைத்தார்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உத்தரவை மாற்ற கிளார்க்கால் முடியாது. ஆனால் ஒரு பெயரை அடிப்பதற்கு முன், அது யாருடைய பிள்ளை என்று கேட்க முடியும்.