நாவல் கொட்டைச் சாறும் இரண்டு எலிகளும்

நான் பொய் எழுதினேன். ஆய்வுக் குறிப்பேட்டில், நீல மையில், என் கையாலேயே எழுதினேன். அந்தப் பொய்யை நம்பிய ஒரு மனிதர் தம் காலை இழந்தார். இதுவரை யாரிடமும் இதை நான் சொன்னதில்லை... உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தில் முதுகலை உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். மேல்பட்டாம்பாக்கத்து ஸ்டெல்லா என் விடுதி அறைத்தோழி. நாவல் கொட்டையிலிருந்து எடுக்கும் சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைக்குமா என்பதே எங்கள் இருவரின் இறுதியாண்டு ஆய்வு.

ஆகா, அந்த நாட்கள்! ஸ்டெல்லாவின் அப்பா கடலூரில் டவுன் பஸ் கண்டக்டர். பழக் காலத்தில் லீவு போட்டுவிட்டு, இரண்டு கட்டைப்பை நிறைய நாவற்பழத்தோடு விடுதி வாசலில் வந்து நிற்பார். பழம் எங்களுக்கு, கொட்டை ஆய்வுக்கு. அந்த வாரம் முழுக்க விடுதியே ஊதா நாக்கோடு திரியும்! கொட்டைகளை மொட்டை மாடியில் காயவைத்து, இடித்து, சலித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டுவோம். எங்கள் துப்பட்டாவில்கூட அந்தத் துவர்ப்பு வாசனை ஏறியிருந்தது. அத்தனை மகிழ்ச்சியாக நான் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

ஸ்டெல்லாவின் அப்பாவுக்கும் சர்க்கரை நோய். வரும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். "இன்னா பாப்பா, எலிக்கு சுகர் எறங்குச்சா?"

சர்க்கரை நோய் உண்டாக்கிய ஆறு எலிகளுக்கு ஒரு மாதம் அந்தச் சாற்றைக் கொடுத்தோம். கடைசிப் பரிசோதனை ஒரு சனிக்கிழமை. மாதா கோயில் திருவிழாவுக்காக ஸ்டெல்லா ஊருக்குப் போயிருந்தாள். ஆய்வகத்தில் நான் மட்டும்.

நான்கு எலிகளுக்கு நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டுக்குக் குறையவே இல்லை. மறுபடியும் பார்த்தேன். குறையவில்லை.

அதை அப்படியே எழுதியிருக்கலாம். நான்கில் குறைந்தது என்பதே நல்ல முடிவுதான். யாரும் எங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நான் அந்த இரண்டுக்கும் குறைந்த எண்களை எழுதினேன். ஏன்? திங்கட்கிழமை ஸ்டெல்லாவின் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசையா? என் உழைப்பு முழுமையாக வெல்ல வேண்டும் என்ற கர்வமா? இன்றும் தெரியவில்லை...

திங்கட்கிழமை அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அடுத்த வாரம் அவள் அப்பா வந்தார்.

"ஆறு எலிக்கும் எறங்கிடுச்சாமே! எலிக்கே கேக்குதுன்னா எனக்குக் கேக்காதா? இந்த மாத்திரைய தூக்கிக் கடாசணும் மொதல்ல."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வாசலில், அந்த நொடியில், நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சிரித்தேன்!

மீதமிருந்த கொட்டைப் பொடியை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டுக் கொடுத்து, "மாத்திரையோட சேத்து சாப்பிடுப்பா" என்றாள் ஸ்டெல்லா. அவர் பொடியை மட்டும் சாப்பிட்டார். மாத்திரையை விட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் புதுச் செருப்பு கடித்தது. புண் ஆறவில்லை. முதலில் இரண்டு விரல்கள் போயின. பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம்.

கடலூரில் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார். "எலிக்குக் கேட்டது எனக்குக் கேக்கல, பாத்தியா பாப்பா?"

எல்லா எலிக்கும் கேட்கவில்லை அப்பா... என்று தொண்டை வரை வந்தது. சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன்.

இரண்டு எலிகளுக்குக் குறையவில்லை என்று தெரிந்திருந்தால் அவர் மாத்திரையை விட்டிருக்க மாட்டாரா? எனக்குத் தெரியாது. யோசித்திருப்பார். அந்த யோசனையைத்தான் நான் அவரிடமிருந்து பறித்தேன்.

போன வருடம் அவர் காலமானார். கல்லறைத் தோட்டத்தில் ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்து விம்மினாள். "நான்தான்டி அந்தப் பொடிய குடுத்தேன். எங்கப்பா கால நானே எடுத்துட்டேன்டி..." அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். என் குற்றத்தை இத்தனை ஆண்டுகளாக அவள் சுமக்கிறாள். சுமக்க விட்டேன்! என்னை எந்தப் பெயரால் அழைப்பீர்கள் நீங்கள்?

நான் இப்போது கடலூரில் ஒரு கல்லூரியில் ஆசிரியை. பரிசோதனையில் கண்டதை மட்டும் எழுதுங்கள் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன்.

போன வாரம் ஸ்டெல்லா போன் செய்தாள். "கலை, எம் பொண்ணும் நாவல் கொட்டைலதான் ப்ராஜெக்ட் பண்றாளாம். தாத்தாவுக்காகன்னு சொல்றா. நம்ம பழைய நோட்டு உங்கிட்டதானே இருக்கு?"

என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

"கரையான் அரிச்சிடுச்சுடி" என்றேன்.

"அய்யய்யோ..." என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "சரி வுடு. ஆறு எலியோட நம்பரும் எனக்கு இன்னும் மனப்பாடம். நானே அவளுக்கு எழுதிக் குடுத்துடறேன்."

பேச எனக்கு நேரம் இருந்தது. அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சரிடி" என்றேன்.